அவர் பெயரில் நான் அடித்த மணி

திண்டிவனத்தில் எங்கள் மாதா கோயில் மணியை நான் பத்து வருஷம் அடித்தேன். அதில் முதல் ஆறு வருஷம், அடிப்பது என் வீட்டுக்காரர் என்றுதான் ஊர் நம்பியது. இப்போது அவர்மேல் எனக்குக் கோபம் ஏதும் இல்லை என்று எழுதினால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

எனக்குக் கெடார் பக்கம் ஊர். சொந்த நிலம் இல்லாத குடும்பம். அப்பா கூலிக்கு ஏர் ஓட்டுவார், அம்மா நடவுக்குப் போவாள். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் ஐந்தாவது வரை படித்தேன். பள்ளி இல்லாத நாளெல்லாம் அம்மாவோடு சேற்றில் நின்றேன். பதினேழு வயதில் என்னைத் திண்டிவனத்துக் கோயில்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கோயிலைத் திறந்து பூட்டுவது, விளக்கு ஏற்றுவது, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, மூன்று வேளையும் மணி அடிப்பது, இதெல்லாம் கோயில்பிள்ளை வேலை. இருக்க வீடும் சாமியார், அதாவது கோயில் பாதிரியார், கொடுத்திருந்தார். மணிக்கூண்டின் பின்சுவரை ஒட்டி ஓர் அறை, ஒரு தாழ்வாரம். கூண்டுக்குள் போகிற கதவு எங்கள் கொல்லைப்புறத்தில்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன். குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார். ஆனால் அவருக்குக் காது கிடையாது. திரிகால மணி என்றால் மும்மூன்று அடியாக மூன்று தரம் அடிக்க வேண்டும். ஒவ்வொரு மூன்றுக்கும் நடுவே ஜனங்கள் மாதாவை நோக்கி ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லி முடிக்கிற அளவுக்கு நிறுத்த வேண்டும். அவர் நிறுத்தவே மாட்டார். கயிற்றைப் பிடித்தால் தடதடவென்று இழுத்துவிட்டு இறங்கிவிடுவார். நான் அடுப்பங்கரையில் நின்று வேகவேகமாக மந்திரம் சொல்லிப் பார்ப்பேன். பாதியில் அடுத்த அடி விழும். "ஏன்யா இப்படி அடிக்கிற, கொஞ்சம் நிறுத்தி அடியேன்" என்றால், "மணி அடிக்கிறதுல நிறுத்துறது இன்னாமே? சத்தம் வந்துதா இல்லையா?" என்பார்.

கலியாணமாகி இரண்டாம் வருஷம், மாதா திருநாளுக்குத் தொங்குவிளக்கைத் துடைக்க ஏறினவர் ஏணியோடு சரிந்து விழுந்தார். வலது தோள் இறங்கிவிட்டது. எலும்பு கட்டுகிறவர் வந்து ஏற்றிக் கட்டினார். மூன்று மாதம் ஊர்ப் பையன்கள் மணி அடித்தார்கள். பிறகு கட்டை அவிழ்த்தபோது கை மார்பு உயரத்துக்கு வந்தது, அதற்கு மேல் போகவில்லை. மணிக்கயிறோ தலைக்கு மேலே எட்டிப் பிடித்து, உடம்போடு தொங்கி இழுக்கிற கயிறு.

"சாமியாருக்குத் தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுடுவாரு," என்றார். "வூட்டையும் காலி பண்ணணும்."

"நான் போய் இழுக்கிறேன்."

"பொம்பள கூண்டுல ஏறக்கூடாதுமே."

"ஆரு பார்க்கப் போறாங்க? கதவு நம்ம கொல்லையிலதான இருக்குது."

அப்படித்தான் ஆரம்பித்தது. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நான் ஏறுவேன். அவர் கீழ்ப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பயம் தெளிந்த பிறகு கொல்லையில் ஏதாவது வேலை பார்ப்பார். நான் அடித்து முடித்ததும் அவர் வெளியே போய் நாலு பேர் கண்ணில் படும்படி நெற்றியைத் துடைத்துக்கொள்வார். முதல் நாளே நான் ஒரு பிரியதத்த மந்திரத்தை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த மூன்றை அடித்தேன். பூசைக்கு வந்த ஒரு கிழவர், "கையி ஒடஞ்சி வந்தப்புறம்தான் உனக்கு மணியே அடிக்க வருது" என்று அவரிடம் சொன்னாராம். அதை அவரே வந்து சொன்னார். இருவரும் சிரித்தோம்.

கூண்டில் மூன்று மணிகள். பிரான்சு தேசத்தில் வார்த்து, கப்பலில் புதுச்சேரி வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் வந்தவை என்று சொல்வார்கள். பெரியது, நடு, சின்னது. ஒரு மழைக்காலத்தில் சின்ன மணியின் சத்தம் கம்மியது. என்னவென்று பார்க்க மேல்தட்டுக்கு ஏறினேன். புறா கட்டிய கூட்டின் குச்சி ஒன்று உள்ளே சிக்கியிருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, மணியின் நாக்கைக் கையால் பிடித்து லேசாக விளிம்பில் தட்டினேன். அந்தச் சத்தம் வேறாக இருந்தது. கயிறு இழுத்து மணியை ஆட்டினால் அடி எப்போது விழும் என்பது மணியின் இஷ்டம். நாக்கைப் பிடித்துத் தட்டினால் நான் நினைத்த நொடியில் விழுந்தது. நடு மணியையும் தட்டினேன். பிறகு பெரியது. மறுபடி நடு.  அம்மாவும் மற்றப் பெண்களும் வரிசையாகக் குனிந்து நாற்று நடும்போது, ஒருத்தி முன்பாட்டுப் பாட மற்றவர்கள் பின்பாட்டு வாங்குவார்கள் அல்லவா, அந்தப் பின்பாட்டில் மொத்தமே மூன்று சுரம்தான். மூன்றும் இங்கே தொங்கிக்கொண்டிருந்தன.

மூன்று நாக்குகளிலும் தேங்காய்நார்க் கயிறு கட்டினேன். சின்ன மணியின் கயிறு வலக்கையில், நடு மணி இடக்கையில், பெரிய மணியின் கயிற்றில் சுருக்குப் போட்டு வலது காலில். ஒரு முக்காலியில் உட்கார்ந்து பழகினேன். வெளியே கேட்காமல் இருக்க நாக்குகளுக்குப் பழைய புடவைத் துணியைச் சுற்றினேன். இரண்டு மாதம் ஆயிற்று. காலும் கையும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாமல் படுத்திய பாடு கொஞ்சமில்லை. உள்ளங்கை கொப்புளித்து உடைந்து, பிறகு தோல் தடித்தது.

அடுத்த மாதா திருநாள் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது துணியை அவிழ்த்துவிட்டு அந்த மெட்டை அடித்தேன். கூண்டு ஜன்னலின் பலகை இடுக்கு வழியே பார்த்தேன். கூட்டம் அப்படியே நின்று மேலே பார்த்தது. சாமியார் பிரெஞ்சுக்காரர், வெள்ளைத்தாடி. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஞானோபதேசம் சொல்லித் தருகிற உபதேசியார் பக்கத்தில் இருந்தவர்களிடம், "இது ரோமாபுரி மெட்டு. புதுச்சேரி பெரிய கோயில்ல நான் கேட்டிருக்கேன்" என்றாராம். சாமியார் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இதை நீ எங்கே கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டிருக்கிறார்.

"இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். "தானா வந்துது சாமின்னு சொல்லிட்டேன். வேற இன்னா சொல்றது?"

அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பொறுத்துக்கொள்ளவும் முடிந்தது.

ஒரு வருஷத்துக்குள் வேடிக்கை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசைக்குப் பிறகு மெட்டு வேண்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார். ஊரில் எங்கே போனாலும் அவரை நிறுத்தி நாலு வார்த்தை புகழ்ந்தார்கள். ஒரே பொய்யை நூறு பேரிடம் சொன்னால் சொல்கிறவனுக்கே அது நிஜமாகிவிடும் போலிருக்கிறது. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர், "நேத்து ரெண்டாவது தபா வரும்போது நீ இழுத்துட்டமே. இன்னும் கொஞ்சம் ஜல்தியா போவணும்" என்றார். நான் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்குத் திருத்தம் சொன்னார்.

இன்னொரு நாள் உபதேசியார் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் எதிரில் என் வீட்டுக்காரர் மணிக்கட்டில் விளக்கெண்ணெய் தடவித் தேய்த்துக்கொண்டிருந்தார். "மணி அடிச்சி அடிச்சி நரம்பு புடிச்சிக்குதுங்க" என்றார். உபதேசியார் என்னைப் பார்த்து, "வெந்நீர் ஒத்தடம் குடும்மா. அந்தக் கையி சாதாரணக் கையி இல்ல" என்றார். நான் வெந்நீர் போட்டேன். தவலையைத் தூக்கும்போது என் உள்ளங்கைத் தோல் எரிந்தது. அந்த ஒத்தடத்தைக் கொடுக்கவும் செய்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அந்த ஆறு வருஷத்தில் ஒரே ஒரு தரம்தான் யாரோ நிஜமாகக் காது கொடுத்துக் கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கக் கூலிக்குப் போகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் கோயிலுக்கு எதிரே புளியமரத்தடியில் கேப்பைக் களி உருண்டையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் மணி அடித்துவிட்டு இறங்கி, குடத்தோடு வாசல்பக்கம் வந்தேன். தண்ணீர் கேட்டார்கள். ஊற்றும்போது ஒருத்தி சொன்னாள்: "யக்கா, உங்க கோயிலு மணி நம்ம நடவுப் பாட்டு பாடுதே! நாங்க முன்பாட்டு எடுத்தோம், அது பின்பாட்டு வாங்குது!" மற்றவர்கள் கையில் களியோடு சிரித்தார்கள். கெடாருக்குப் பக்கத்து ஊர்க்காரிகள்.

"ஆரு அடிக்கிறது?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு."

"அவரு நாத்து நட்டவரா?"

"ஏன்?"

"நட்ட கையிதான் அந்த எடத்துல நிக்கும். ஒரு அடி பின்னால வெச்சிட்டு அடுத்த நாத்து முடிய எடுக்கிற நேரம் அது. ஆம்பளைக்கு அது எப்படித் தெரியும்?"

 நான்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. கோயில் வாசலில் உபதேசியார் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் தண்ணி வேணுமா?" என்று மட்டும் கேட்டேன். அவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜெர்மன்காரனோடு சண்டை மூண்டு ஓரிரண்டு வருஷம் ஆகியிருந்தது. விழுப்புரத்தில் ஒரு கோயிலுக்குப் புதுக் கூண்டு கட்டி, மூன்று மணி ஏற்றி, அவற்றை ஆசீர்வதித்து மந்திரிக்க நாள் குறித்திருந்தார்கள். அன்றைக்குத் திண்டிவனத்துக் கோயில்பிள்ளை வந்து வாசிக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"யாரு வாசிக்கப் போறது?"

"நான்தான்."

"நீயா?"

"நாக்குக் கயிறுதான? இடுப்பு உசரத்துல இருக்குது. கைய தூக்க வேணாமே."

"கை தூக்குறதா கஷ்டம்? உனக்கு மெட்டு தெரியுமாய்யா?"

"ஆறு வருஷமா கேட்டுக்கினு இருக்கேன். தெரியாதா?"

ஒடம்பு சரியில்லை என்று எழுதிப் போடு என்றேன். மாட்டேன் என்றார். சரி, மானம் போகக்கூடாது என்று நான்தான் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். தாழ்வாரத்து உத்தரத்தில் ஒரு செம்பு, ஒரு குண்டான், ஒரு தவலை மூன்றையும் கட்டித் தொங்கவிட்டு, ஆளுக்கொரு அகப்பை. செம்புதான் சின்ன மணி, தவலைதான் பெரியது. "செம்பு, செம்பு, குண்டான், தவலை, நில்லு, குண்டான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் நிற்கிற இடத்தில் நிற்கவே மாட்டார். "சும்மா இருக்கிற நேரத்துல கை சும்மா இருக்கணும், அதுவும் பாட்டுதான்" என்றேன். "சும்மா இருக்கிறது எப்படிமே பாட்டாவும்?" என்றார். பத்து நாள். என் தவலை ஒடுங்கினதுதான் மிச்சம்.

விழுப்புரத்துக்கு இரண்டு பேரும் ரயிலில் போனோம். அங்கேயும் எப்படியாவது ஒளிந்து ஏறி நானே அடித்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் அந்தக் கூண்டின் கதவு கோயிலின் முன்வாசலிலேயே இருந்தது. கமிட்டிக்காரர்கள் வெள்ளை வேட்டியோடு இரண்டு பக்கமும் நின்றார்கள். என் வீட்டுக்காரரைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போனார்கள். என்னைப் பெண்கள் பக்கம் போகச் சொன்னார்கள்.

மேற்றிராணியார், அதாவது பிஷப், மந்திரித்து முடித்தார். கூட்டம் அமைதியானது. முதல் அடி விழுந்தது. பெரிய மணியில் விழுந்தது. சின்னதில் விழ வேண்டியது அது. பிறகு சின்னது இரண்டு தரம், நடு, திரும்பப் பெரியது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நிறுத்தினார். நிற்கக் கூடாத இடத்தில் நின்றார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார், மறுபடி அதே இடத்தில் தடுக்கினார். கடைசியில் மூன்றையும் சேர்த்து இழுத்து, கூடையிலிருந்து பாத்திரம் கொட்டினமாதிரி ஒரு சத்தத்தோடு முடித்தார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்.  இனி திண்டிவனத்தில் தலைகாட்ட முடியாது, வேலை போயிற்று, வீடு போயிற்று என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் நின்ற அம்மாள், "ஆகா, இன்னா வாசிப்பு! மேல்நாட்டு வாசிப்புன்னா சும்மாவா!" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. கண் கலங்கியிருந்தது. அவர் இறங்கி வந்தார். கமிட்டிக்காரர்கள் மாலை போட்டார்கள். மேற்றிராணியார் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். வெற்றிலைத் தட்டும் ஒரு வேட்டியும் கொடுத்தார்கள்.

திரும்புகிற ரயில் விக்கிரவாண்டியில் நின்றது. வண்டி நகர்ந்தபோது மாலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "எப்படி இருந்துது?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். என்ன சொல்ல? கெட்டுப்போயிற்று என்று சொன்னால் பொறாமை என்பார். ஊரே மெச்சியதே என்பார். அவர் கெடுத்தது கூட என்னை அவ்வளவு உறுத்தவில்லை. சரியாக அடித்தபோதும் இதே ஆகா, தப்பாக அடித்தபோதும் இதே ஆகா. அப்படியானால் ஆறு வருஷமாக நான் கால் விரல் நோக நோக அந்த ஒரு நொடி நிறுத்தத்தை யாருக்காக அடித்தேன்? அழுகை வந்தது. பேரணி ஸ்டேஷனில் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்றேன். அவரே தின்றார்.

மறுநாள் சாமியார் பங்களாவுக்குப் போனேன். "தோத்திரம் சாமி. ஒரு விஷயம் சொல்லணும். ஆறு வருஷமா மணி அடிக்கிறது அவரு இல்ல, நான்" என்றேன். சொல்லி முடித்து, இடி விழக் காத்திருந்தேன்.

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியும்" என்றார்.

"சாமி?"

"என் ஜன்னலிலிருந்து உங்கள் கொல்லை தெரிகிறது, மகளே. மேலே மெட்டு கேட்கிறது. கீழே உன் புருஷன் கிணற்றடியில் விளக்குக் கண்ணாடி கழுவுகிறான். ஐந்து வருஷமாகப் பார்க்கிறேன்."

 "அப்ப ஏன் சாமி கேக்கல?"

"கேட்டால் நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறுத்த எனக்கு மனம் இல்லை."

அவர் அதைப் பெரிய தயவாகத்தான் சொன்னார். ஐந்து வருஷம் முக்காடு போட்டு ஒளிந்து ஏறி, பாவம் பாவம் என்று பயந்து, அவரிடமே பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட மறைத்து மறைத்துச் செத்தேன். அவர் ஜன்னலில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தார். "அப்ப ஊருக்குச் சொல்லுங்க சாமி" என்றேன். "அவசரப்படாதே, அடுத்த திருநாளுக்குள் பார்க்கலாம்" என்றார். அடுத்த திருநாளுக்குள் அவருக்கு மூச்சிரைப்பு அதிகமாகி, புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

நான் நாக்குக் கயிறுகளை அவிழ்த்துவிட்டு, கூண்டில் ஏறுவதை நிறுத்திவிட்டேன். "நீதான் விழுப்புரத்துலயே வாசிச்சவராச்சே. நீயே அடி" என்றேன். அவர் இடக்கையால் சின்ன மணியின் கயிற்றை மட்டும் இழுத்து எப்படியோ சமாளித்தார். முதல் ஞாயிறு மெட்டு எங்கே என்று பத்துப் பேர் கேட்டார்கள். கயிறு இற்றுப்போச்சு என்றார். இரண்டாம் ஞாயிறு மூன்று பேர். நாலாம் ஞாயிறு யாரும் கேட்கவில்லை. நான் வாசலைப் பெருக்குகிற சாக்கில் நின்று பார்த்தேன். ஒருத்தர்கூட மேலே தலைதூக்கிப் பார்க்கவில்லை.

அந்த மாதக் கடைசியில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் மூன்று குழந்தைகளின் தாய் ஒருத்தி பிரசவத்தில் இறந்துபோனாள். அவளும் கூலி வேலைக்காரி, எனக்கு நல்ல பழக்கம். பெரியவர்கள் இறந்தால் பெரிய மணியில் துக்க மணி அடிக்க வேண்டும். பச்சைக் குழந்தைகள் இறந்தால் சம்மனசு மணி, அதாவது தேவதூதர் மணி, என்று சின்ன மணியை வேகமாக அடிப்பது வழக்கம். குழந்தை நேரே மோட்சத்துக்குப் போகிறது என்று அர்த்தம். என் வீட்டுக்காரரால் பெரிய மணியை இழுக்க முடியவில்லை. சின்ன மணியையே இழுத்தார், தன் வழக்கப்படி தடதடவென்று. ஊர் என்ன நினைக்கும்? குழந்தைதான் போய்விட்டது என்று நினைத்து, நாலைந்து பெண்கள் கையில் பூவும், குழந்தைக்குப் போட வெள்ளைத் துணியுமாக வந்துவிட்டார்கள். குழந்தை உயிரோடு அழுதுகொண்டிருந்தது. தாயைக் கிடத்தியிருந்தார்கள். இறந்தவளின் அம்மா அந்தப் பூவைப் பார்த்துவிட்டு, "எம் பொண்ணு செத்ததுக்கு ஒரு மணிகூட இல்லியா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நானும் அங்கேதான் இருந்தேன். எழுந்து நேரே கோயிலுக்கு வந்தேன். முக்காடு போடவில்லை. பட்டப்பகல். உபதேசியார் முற்றத்தில் நின்றார். "எங்கம்மா போற?" என்றார். பதில் சொல்லாமல் கூண்டுக்குள் போய்ப் பெரிய மணியின் கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். ஒவ்வோர் அடிக்கும் நடுவே ஒரு முழு மந்திரம் சொல்லி, பெண்ணுக்கு உரிய கணக்கில் அடித்தேன். ஓர் அடியும் தப்பவில்லை. பெட்டியைத் தூக்கி வருகிறவரை அடித்தேன்.

இறங்கியபோது கீழே ஒரு கூட்டமே நின்றது. புதிதாக வந்திருந்த சாமியார், தமிழர், சின்ன வயசு, நடுவில் நின்றார். "கோயில்ல நடக்கிற காரியமாங்க இது?" என்று உபதேசியார் கொதித்தார். சாமியார் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இது எத்தனை நாளாக நடக்கிறது?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு, "இன்னிக்கு ஒரு நாளுதாங்க சாமி. கையி ரொம்ப நோவுதுன்னு..." என்றார்.

"ஆறு வருஷமா சாமி," என்றேன். "மெட்டு வாசிச்சதும் நான்தான்."

 கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். சாமியார் யோசித்தார். அப்போது வாலிபர்கள் எல்லாம் பட்டாளத்துக்கும் பட்டணத்து வேலைக்கும் போய்க்கொண்டிருந்த காலம். மணி அடிக்க ஆள் தேடினால் கிடைக்காது. "வேறு ஆள் கிடைக்கும்வரை இந்த அம்மாவே அடிக்கட்டும். புத்தகத்தில் பேர் அவர் பேராகவே இருக்கட்டும்" என்றார். வெளிப்படையாக ஏறலாம் என்று ஆனதே பெரிசு என்று நான் பேருக்காகச் சண்டை போடவில்லை.

இரண்டு ஞாயிறு மெட்டு வாசித்தேன். மூன்றாம் வாரம் சாமியார் பாராட்டிவிட்டு, "இது எந்தக் கீர்த்தனைம்மா? நான் கேட்டதில்லையே" என்றார். பொய் சொல்லி அலுத்துப் போயிருந்த நேரம். "கீர்த்தனை இல்லீங்க சாமி. எங்க ஊரு நடவுப் பாட்டு" என்றேன். பக்கத்தில் நின்ற உபதேசியாரின் முகம் கறுத்தது. ரோமாபுரி மெட்டு என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர்தானே. "சேத்துல நின்னு பாடுற பாட்டையா மாதா கோயில்ல இத்தனை வருஷம் அடிச்சீங்க?" என்று கத்தினார். சாமியாருக்கு அதில் பெரிய தப்புத் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் புது இடம், புது ஆள். உபதேசியாரைப் பகைத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை. "இனிமேல் மெட்டு வேண்டாம். மணி மட்டும் போதும்" என்றார். வேறு பாட்டுப் பழகட்டுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாம் அப்படியே நின்றது.

நாலு வருஷம் வெறும் மணி அடித்தேன். சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவருக்குக் கோயில்பிள்ளை வேலையைக் கொடுத்தார்கள். நாங்கள் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு விழுப்புரம் போனோம். என் வீட்டுக்காரருக்கு ஒரு மல்லாட்டை மில்லில் காவல் வேலை கிடைத்தது. நான் அங்கேயே பருப்பு புடைக்கப் போனேன்.

ஒரு நாள் மத்தியானம் சோறு எடுத்துக்கொண்டு மில் வாசலுக்குப் போனேன். மூட்டை தூக்குகிறவர்கள் நாலைந்து பேர் நிழலில் உட்கார்ந்திருக்க, அவர் நடுவில் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். "ரெண்டு கையில ரெண்டு கயிறு, கால்ல ஒண்ணு. மேற்றிராணியாரே தலையில கை வெச்சி ஆசீர்வாதம் பண்ணாரு."

தூக்குச்சட்டியைக் கீழே வைத்தேன். "அவரு இல்ல. நான்தான் வாசிச்சேன்" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் தலை குனிந்து மூட்டைச் சணலைப் பிய்த்தார். பிறகு, "ஆமா," என்றார். "அவதான் வாசிச்சா. எனக்கு மணி அடிக்கவே தெரியாது. கீழ குந்திக்கினு இருப்பேன்."

முதல் மெட்டு அடித்த நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது.  அவர் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகத்தான் சொன்னார்.

மூட்டை தூக்குகிறவர்களில் மூத்தவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பார்த்தியா, பொண்டாட்டிய வுட்டுக்குடுக்குறாரா பாரு!" என்றார். "இவ்ளோ பெரிய வித்தைய வெச்சிக்கினு, அவ பேர்ல சொல்றாரே. இந்த மனசு ஆருக்கு வரும்?" மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர் அவருக்குப் பீடி நீட்டினார். என்னைப் பார்த்து, "கொடுத்து வெச்சவம்மா நீ" என்றார்கள்.

நான் சட்டியைத் திறந்து அவருக்குச் சோறு போட்டேன்.